இன்லே ஏரிக்கரையில் குளிர் வந்தாச்சு, என் கடை பெஞ்சைத்தான் காணோம்

ஏரிக்கரைக்_கடை | 6 நவம்பர் 2025, காலை 5.50

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் இன்லே ஏரிப் பக்கம் ஞவுங்ஷ்வேயில் மளிகையும் டீயும் சேர்ந்த சின்னக் கடை வைத்திருக்கிறேன். இந்த ஊரில் தமிழ் பேசும் வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதனால் புலம்ப வேண்டியதை இங்கே வந்துதான் புலம்புகிறேன்.

முதல் விஷயம், குளிர் வந்துவிட்டது. நேற்றுக் காலை கதவைத் திறந்தால் கால்வாயின் எதிர்க்கரை தெரியவில்லை, அவ்வளவு மூடுபனி. தேங்காய் எண்ணெய் டின்னில் உறைந்து கிடக்கிறது. கரண்டிக் காம்பால் குத்தி எடுத்துத்தான் நிறுத்துக் கொடுத்தேன். கடல்காகங்களும் வந்துவிட்டன. படகுத்துறைப் பையன்கள் வெளியூர்க்காரர்களிடம் பாக்கெட் தீனி விற்கத் தொடங்கியாச்சு.

இரண்டாவது விஷயம், பெஞ்ச். கடை வாசலில் ஆறடி தேக்கு பெஞ்ச் ஒன்று கிடக்கும். அப்பா காலத்தது. மார்ச் மாத நிலநடுக்கத்தில் கடைச் சுவர் விரிசல் விட்டது, அலமாரி சாய்ந்தது, பெஞ்ச் மட்டும் தப்பித்தது. ஒரு கால் ஆட ஆரம்பித்ததோடு சரி. செவ்வாய்க்கிழமை பௌர்ணமி ராத்திரி அதைக் காணோம். அது கிடந்த இடத்தில் முடிவெட்டும் கடையின் பெயர்ப்பலகை சாத்தி வைத்திருந்தது. காலை எட்டு மணிக்கு அந்த முடிவெட்டுக்காரர் வந்து, என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார். என் பெஞ்சை இன்னும் யாரும் கொண்டுவரவில்லை.

வியாசர்பாடி_அத்தோ | 6 நவம்பர், காலை 9.15

அண்ணே, போலீசில் சொன்னீர்களா? தேக்கு என்கிறீர்கள், சும்மா விடக்கூடாது.

தவுன்ஜி_அக்கா | 6 நவம்பர், காலை 10.02

ஐயோ தம்பி, போலீசா! அது ஜீமனோ. சென்னையில் இருப்பவருக்குத் தெரியாதுதான், சொல்கிறேன்.

தஸவுங்டைங் என்ற பர்மியப் பண்டிகையின் பௌர்ணமி ராத்திரி இங்கே திருட்டு ராத்திரி. ஜீமனோ என்றால் காக்கை இன்னும் விழிக்காத நேரம் என்று அர்த்தம். காக்கை எழுந்து கரைவதற்குள் பையன்கள் கூடி, கைக்குக் கிடைத்ததை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிடுவார்கள். பூந்தொட்டி, வண்டிச் சக்கரம், கோழிக்கூடு, பலகை, ஏணி எதுவும் தப்பாது. விடிந்ததும் தெருவே தன் தன் சாமானைத் தேடிக்கொண்டு அலையும். யாரும் கோபப்படக் கூடாது, அதுதான் வழக்கம். ஒரு வருஷம் எங்கள் வீட்டு வெந்நீர் அண்டா புத்தமடத்து வாசலில் கிடந்தது. பெரிய பிட்சு அதைக் காட்டி, "இது காணிக்கையா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டுக்காரர்தான் சிரித்துக்கொண்டே போய்த் தூக்கி வந்தார்.

ஏரிக்கரை அண்ணே, முதலில் மடத்தில் பாருங்கள். கிடைக்காவிட்டால் படகுத்துறை.

ஏரிக்கரைக்_கடை | 6 நவம்பர், மதியம் 1.30

மூன்று மடம் பார்த்தாச்சு அக்கா. ஒன்றில் யாருடைய சைக்கிளோ இருந்தது, இன்னொன்றில் இரண்டு ஏணி. பெஞ்ச் இல்லை.

பன்ஸோடான்_பையன் | 6 நவம்பர், இரவு 8.40

ரங்கூனிலும் பறவை வந்தாச்சு அண்ணே. தலாவுக்குப் படகு போகும் பன்ஸோடான் துறையில் சாயங்காலம் நின்றால் தலைக்கு மேலே ஒரே கூச்சல். பர்மிய மொழியில் ஸின்யோ. பறவைப் புத்தகத்தில் பழுப்புத் தலைக் கடல்காகம் என்று போட்டிருக்கிறது, ஆனால் நான் பார்த்தவரை தலை வெள்ளையாகத்தான் இருக்கிறது. காதுக்குப் பின்னால் மை தீற்றின மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். வேறு பறவையோ?

கலோ_ரயிலடி | 7 நவம்பர், காலை 6.20

அதே பறவைதான் தம்பி. குளிர்காலத்தில் தலை வெளுத்துவிடும். திபெத், மத்திய ஆசிய மேட்டு நிலத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு அங்கே உறையத் தொடங்கும்போது இங்கே இறங்கி வருகின்றன. மார்ச் வாக்கில் பார், ஒவ்வொன்றுக்கும் காப்பிப் பொடி நிறத்தில் முக்காடு போட்ட மாதிரி தலை மாறியிருக்கும். மாறின கையோடு கிளம்பிவிடும். நம்மிடம் சாப்பிடும்வரை சாதா வேஷம், ஊருக்குப் போகும்போது மட்டும் அலங்காரம்.

கலோவில் இன்று காலை ஆறு டிகிரி. குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் நரம்பு இழுக்கிறது. தாத்தா ரயில்வே வேலைக்கு வந்தவர். தாசியிலிருந்து மலையேறி வரும் தண்டவாள வேலையில் முதல் குளிர்காலத்தைச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கழித்ததாகச் சொல்வார். தஞ்சாவூர் வெயிலிலிருந்து நேராக இங்கே வந்த மனிதர். பெஞ்ச் கிடைத்ததா?

தவுன்ஜி_அக்கா | 7 நவம்பர், காலை 11.00

பெஞ்ச் ஒரு பக்கம் இருக்கட்டும். தஸவுங்டைங் நம்ம கார்த்திகை தீபம்தானே? ஒரே பௌர்ணமி. இங்கே தவுன்ஜியில் ராத்திரி வானத்தில் காகிதப் பலூன் விடுவார்கள், உடம்பெல்லாம் சின்னச் சின்ன விளக்கு கட்டி. பகலில் யானை, மீன், வாத்து வடிவத்தில் பலூன். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தபோது, நம்ம கார்த்திகையைத்தான் இவர்கள் வானத்தில் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை_மோல்மீன் | 7 நவம்பர், மாலை 4.45

அக்கா மன்னிக்கவும், இரண்டும் ஒன்று இல்லை. எப்போதாவது ஒன்றாக விழும், அவ்வளவுதான்.

2023இல் திருவண்ணாமலை தீபம் நவம்பர் 26, தஸவுங்டைங் பௌர்ணமி 27. அந்த வருஷம் நீங்கள் சொன்னது சரி. 2024இல் தஸவுங்டைங் நவம்பர் 15, தீபம் டிசம்பர் 13. இந்த வருஷம் தஸவுங்டைங் நவம்பர் 4இல் முடிந்துவிட்டது, தீபம் வரப்போவது டிசம்பர் 3.

காரணம் இதுதான். நம்ம மாதம் சூரியனைப் பார்த்து நகரும். கார்த்திகை பிறப்பது நவம்பர் நடுவில். அதற்கு முன்னால் வரும் பௌர்ணமி ஐப்பசியோடு போய்விடும். பர்மிய மாதம் நிலாவைப் பார்த்து நகரும், ஆண்டு பின்தங்கும்போது வாஸோ மாதத்தை இரண்டு தடவை வைத்துச் சரிக்கட்டுவார்கள். 2023இல் அப்படி இரண்டு வாஸோ வந்ததால்தான் தஸவுங்டைங் தள்ளிப்போய் நம்ம தீபத்தோடு சேர்ந்தது.

தவுன்ஜி_அக்கா | 7 நவம்பர், மாலை 5.10

சரி, கணக்கு உங்களுடையது. பலூன் என்னுடையது.

வியாசர்பாடி_அத்தோ | 7 நவம்பர், இரவு 9.30

எங்கள் அம்மா பிறந்தது பர்மாவில். அறுபதுகளில் கப்பலில் வந்தவர்கள். இப்போது நாங்கள் அத்தோ, மொய்ங்கா என்று பர்மிய நூடுல்ஸ் கடை போட்டுப் பிழைக்கிறோம். அம்மாவுக்கு ஒரு படகுக்காரர் காலால் துடுப்புப் போட்ட படம் ஒன்று ஞாபகம், காலண்டரில் பார்த்ததாம். நிஜமாகவே காலாலா? ஏரி எப்படி இருக்கும், கொஞ்சம் சொல்லுங்கள் அண்ணே, படித்துக் காட்டுகிறேன்.

ஏரிக்கரைக்_கடை | 8 நவம்பர், மதியம் 2.15

வியாபாரம் மந்தம், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் ஏரிக்கரை என்று பெயர்தான், ஊரில் நின்றால் ஏரி தெரியாது. கால்வாயில் படகு ஏறித் தெற்கே போனால்தான் திடீரென்று திறக்கும். கடல்மட்டத்துக்கு மேலே கிட்டத்தட்ட 880 மீட்டர் உயரத்தில் இரண்டு மலைத்தொடருக்கு நடுவே கிடக்கும் தண்ணீர். ஆழம் ஒன்றும் பெரிதில்லை. கோடையில் பல இடங்களில் இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. அடியில் பாசி ஆடுவது தெரியும்.

கால் துடுப்பு நிஜம். ஏரியில் வாழும் இன்தா இனத்து ஆண்கள் படகின் பின்முனையில் ஒற்றைக் காலில் நிற்பார்கள். மற்ற காலைத் துடுப்பைச் சுற்றிக் கொடி மாதிரி வளைப்பார்கள். முழங்கால் மடிந்து வெளியே போகும், குதிகால் துடுப்பை உள்ளே இழுக்கும், இடுப்பு கூடவே லேசாகத் திரும்பும். கை இரண்டும் வலைக்கு ஓய்வாகிவிடும். உட்கார்ந்தால் கோரைக்கும் ஆகாயத்தாமரைக்கும் மேலே வழி தெரியாது, அதனால் நிற்கிறார்கள் என்பார்கள். பெண்கள் உட்கார்ந்து கையால்தான் துடுப்புப் போடுவார்கள். ஒரு தடவை நான் முயற்சி பண்ணினேன். அதைப் பற்றி மேலே கேட்காதீர்கள்.

கூம்பு மாதிரிப் பெரிய கூடையைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பவரை இன்றைய படங்களில் பார்த்திருப்பீர்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் படம் எடுப்பவருக்காக நிற்பவர்கள். மீன் பிடிப்பவர் விடியுமுன் வலை போட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார்.

அப்புறம் தோட்டம். பாசியும் கோரையும் பின்னிய மிதவையை வெட்டி, மேலே ஏரிச்சேற்றை அள்ளிப் போட்டு, மூங்கில் கழி குத்தி நிறுத்துவார்கள். அதில் தக்காளி. நடுவே படகு விட்டுப் பறிப்பார்கள். தண்ணீர் ஏறினால் தோட்டமும் ஏறும்.

பன்ஸோடான்_பையன் | 8 நவம்பர், மாலை 6.05

ரங்கூனில் நாங்கள் தின்னும் தக்காளியில் பாதி அங்கிருந்து வருவதுதான் என்பார்கள். ஆனால் அம்மா உப்புத் தண்ணீரில் ஊறவைக்காமல் தொடவிட மாட்டார், அவ்வளவு மருந்து அடிக்கிறார்களாம்.

கலோ_ரயிலடி | 8 நவம்பர், இரவு 7.50

அம்மா சொல்வது சரி தம்பி. அந்த மருந்து நேராக ஏரியில்தானே விழுகிறது. தோட்டம் ஏரியையே தின்றுவிடுகிறது என்பதும் உண்மை. பழைய வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் ஒப்பிட்டவர்கள் கணக்கில், 1935இல் 69 சதுர கிலோமீட்டர் இருந்த திறந்த நீர்ப்பரப்பு 2000இல் 47க்கு வந்துவிட்டது. மலையில் மரம் வெட்டியதால் இறங்கும் வண்டல் தனி.

ஏரியிலிருந்து தெற்கே வழியும் தண்ணீர் பலு சவுங் ஆறாகக் கயா மாநிலத்துக்குப் போகிறது. அங்கே லோபிட்டா மின்நிலையம். ஜப்பான் கொடுத்த போர் இழப்பீட்டில் கட்டி 1960இல் ஓட ஆரம்பித்தது. உங்கள் வீட்டு பல்பு எரிவதில் இன்லே தண்ணீருக்கும் பங்கு உண்டு தம்பி.

பன்ஸோடான்_பையன் | 8 நவம்பர், இரவு 7.58

எந்த பல்பு அண்ணே? இதை மெழுகுவத்தி வெளிச்சத்தில் தட்டுகிறேன்.

ஏரிக்கரைக்_கடை | 9 நவம்பர், காலை 6.30

மருந்து விஷயத்தில் ரயிலடி அண்ணனோடு சண்டை இல்லை. ஆனால் தோட்டக்காரரை மட்டும் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. போன வருஷம் செப்டம்பரில் யாகி புயல் மழையில் தண்ணீர் ஏறி வீட்டுக்குள் புகுந்து, நாள் கணக்கில் வடியவில்லை. செடி அழுகிப்போனது. அதிலிருந்து எழுந்து நடவு போட்ட ஆறே மாதத்தில் மார்ச் 28 நிலநடுக்கம், அளவு 7.7. ஏரிக்குள் கம்பக் கால் மேல் நின்ற வீடுகள் வரிசையாகத் தண்ணீரில் உட்கார்ந்தன. எனக்கு அவரைக்காய், பூண்டுத்தாள், தக்காளி கொண்டுவரும் அம்மா ஒருவர் இருக்கிறார். வீடு போய், சமையலறை மட்டும் நின்றது. ஏழு மாதமாக அந்தச் சமையலறையில் ஐந்து பேர். இப்போதுதான் புது மூங்கில் இறக்கியிருக்கிறார்கள். குளிர் காலத்தில் தண்ணீர் தணியும், கால் ஊன்ற வசதி. அதனால் ஏரிக்குள் எங்கே போனாலும் இப்போது சுத்தியல் சத்தம்தான்.

அவரிடம் மருந்தைக் குறை என்று நான் எந்த வாயால் சொல்வது? பேரம் பேசாமல் வாங்கிக்கொள்கிறேன்.

தவுன்ஜி_அக்கா | 9 நவம்பர், காலை 9.40

குளிருக்கு ஏற்றது சொல்கிறேன், வியாசர்பாடித் தம்பி கடையில் போட்டுப் பாருங்கள். தோஹு நுவே. பெயர் தோஃபு என்றாலும் சோயா இல்லை, நம்ம கடலைமாவுதான். ஒரு கப் மாவுக்கு ஆறு கப் தண்ணீர், மஞ்சள், உப்பு. கட்டியில்லாமல் கரைத்து, வடிகட்டி, கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கை ஓயக் கூடாது. முதலில் பச்சை மாவு வாசம் அடிக்கும், அது போய் வறுத்த கடலை வாசம் வரும்வரை கிளறணும். கரண்டியிலிருந்து தாரை அறாமல் விழும் பதத்தில் இறக்கி, அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி, வறுத்த கடலைப்பொடி, மிளகாய் எண்ணெய், வெல்லப்பாகு ஒரு சொட்டு, கொத்தமல்லி. ஆறினால் கெட்டியாகிவிடும். அதைத் துண்டு போட்டுப் பொரித்தால் மறுநாள் காலைக்கு ஆச்சு.

வியாசர்பாடி_அத்தோ | 12 நவம்பர், இரவு 10.50

போட்டோம் அக்கா. முதல் நாள் வாடிக்கையாளர் ஒருவர், "என்னப்பா, பஜ்ஜி மாவை அப்படியே ஊற்றிவிட்டாய்" என்றார். அம்மா மட்டும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, "வெல்லம் போதவில்லை" என்றார்.

ஏரிக்கரைக்_கடை | 27 நவம்பர், காலை 7.10

கார்த்திகை நெருங்குகிறது. தடிங்ஜுட் பண்டிகைக்கு வாங்கி மிஞ்சின மண் விளக்கு நூற்றுச் சொச்சம் கடையில் கிடக்கிறது. இந்த வருஷம் கால்வாயில் விளக்கு மிதக்க விடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். பக்கத்துக் கடை ஷான் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வதாகச் சொல்கிறார்கள். என்ன நினைக்கிறீர்கள்?

தவுன்ஜி_அக்கா | 27 நவம்பர், காலை 10.20

தெர்மாகோல் தட்டில் வைத்து விடாதீர்கள், அது பாசியில் சிக்கி வருஷக்கணக்கில் கிடக்கும். வாழைமட்டை வெட்டி வையுங்கள்.

கலோ_ரயிலடி | 27 நவம்பர், மதியம் 12.15

வாழைமட்டையும் வேண்டாம் என்பேன். எல்லாம் மூங்கில் வீடு, இப்போது கட்டுகிற புது மூங்கில் வேறு. கோரை காய்ந்து கிடக்கிறது. ஒரு விளக்கு காற்றில் போய் யாருடைய வீட்டுக் காலடியிலாவது ஒதுங்கினால்? படித்துறையில் வரிசையாக ஏற்றுங்கள், தண்ணீரில் நிழல் தானே விழும்.

கணக்குப்பிள்ளை_மோல்மீன் | 27 நவம்பர், மதியம் 12.40

ரயிலடி சொல்வதே சரி. பொரி உருண்டைக்கு வெல்லம் என்ன செய்கிறீர்கள்? இங்கே பனைவெல்லத்தில் பிடித்தால் சாயங்காலத்துக்குள் நெகிழ்ந்துவிடுகிறது.

ஏரிக்கரைக்_கடை | 27 நவம்பர், மாலை 5.30

சரி, படித்துறைதான். பிள்ளையார் காத்தார், நான் தீயை யோசிக்கவே இல்லை.

கணக்குப்பிள்ளை ஐயா, பாகைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதம் போதாது. தட்டில் போட்டால் டங் என்று சத்தம் வரணும். எங்கள் குளிரில் கொஞ்சம் தாங்கும், உங்கள் பக்கத்துக் கடல் காற்றில் சிரமம்தான். பொரிக்கு இங்கே கஷ்டம் இல்லை. நெல்பொரியைப் பவுக்பவுக் என்று சந்தையில் மூட்டையாகவே விற்கிறார்கள்.

ஏரிக்கரைக்_கடை | 5 டிசம்பர், காலை 8.45

புதன்கிழமை தீபம் நல்லபடியாக முடிந்தது. எண்பத்துநாலு விளக்கு. காற்று இல்லை. ஷான் பிள்ளைகள் எண்ணெய் ஊற்றினார்கள், பாதி படியில் கொட்டியது, நேற்று முழுக்க வழுக்கல். பொரி உருண்டையை அவர்கள் சூடான டீயில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றாத யோசனை அது.

இப்போது பெஞ்ச். காய்கறி அம்மா நேற்றுத் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். அவர் ஊர்ப் பையன்கள் பௌர்ணமி ராத்திரி படகில் வந்து, பெஞ்சைப் படகிலேற்றிக் கொண்டுபோய்விட்டார்களாம். ஜீமனோ விளையாட்டு ஊரோடு நிற்கும் என்று பார்த்தால் ஏரியைத் தாண்டிப் போயிருக்கிறது! மறுநாளே திருப்பிக் கொண்டுவர நினைத்தார்களாம். அதற்குள் வீடு கட்டும் ஆட்கள் அதன்மேல் ஏறி நின்று ஆணி அடிக்க வசதியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு மாதம்.

படகில் போய் எடுத்து வந்தேன். மேலே முழுக்க சுத்தியல் தழும்பு. ஆனால் ஆடிக்கொண்டிருந்த காலைக் கழற்றிவிட்டுப் புதுக் கால் போட்டிருக்கிறார்கள், ஆப்பு வைத்து, அருமையான வேலை. தச்சர் மரத்துக்கு மட்டும் காசு கேட்டார். என் பெஞ்சைத் திருடி, அதற்குக் கூலியும் என்னிடமே! கொடுத்துவிட்டு, அங்கேயே மஞ்சள் போட்டுப் பிசைந்த மீன் சோறும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

கடை வாசலில் போட்டு உட்கார்ந்தால் மறுபடியும் ஆடுகிறது. குனிந்து பார்த்தேன். கால் நான்கும் சரியாக இருக்கிறது. மார்ச்சில் தரைதான் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது.

கலோ_ரயிலடி | 5 டிசம்பர், காலை 9.05

டீத்தூள் அட்டைப் பெட்டியை நாலாக மடித்து அடியில் வையுங்கள். அவரைக்காய் வந்ததா இந்த வாரம்?

ஏரிக்கரைக்_கடை | 5 டிசம்பர், காலை 9.20

வைத்தாச்சு. அவரை நாளைக்கு வரும், சந்தை நாளைக்கு எங்கள் ஊரில்தான். கலோ வண்டியில் இரண்டு கிலோ போட்டு விடவா?